பெரிய கப்பலுக்கு ஆள் ஏற்றிய சின்னக் கப்பலையும் கொஞ்சம் எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு மலரில் பழைய பயணிக் கப்பல்களைப் பற்றி இரண்டு பக்கத்துக்கு வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் பிரமாதம். டைட்டானிக், மௌரிதானியா, அப்புறம் சென்னைக்கும் பினாங்குக்கும் நடுவே ஆள் ஏற்றி ஓடிய நம்ம ரஜூலா என்று எல்லாவற்றுக்கும் நீளம், எடை, வேகம் வரை கணக்குப் போட்டுக் கொடுத்திருந்தார் கட்டுரையாளர். ஆனால் ஓர் இடத்தில், டைட்டானிக் ஷேர்பூர்க்கிலும் குயின்ஸ்டவுனிலும் கரையோரம் வந்து நின்று பயணிகளை ஏற்றிக்கொண்டது என்று எழுதியிருக்கிறார். அப்படி நடக்கவே இல்லை சார். அந்தக் கப்பல் இரண்டு ஊரிலும் கரையைத் தொடவில்லை, தொடவும் முடியாது, அந்தப் பக்கம் அவ்வளவு பெரிய கப்பலைக் கட்டுகிற துறையே அப்போது கிடையாது.

1912 ஏப்ரல் 10ஆம் தேதி மாலை பிரான்ஸின் ஷேர்பூர்க்கில் ஏறியவர்கள் 274 பேர். மறுநாள் பகலில் அயர்லாந்தின் குயின்ஸ்டவுனில் ஏறியவர்கள் 123 பேர். ஷேர்பூர்க்கில் முதல், இரண்டாம் வகுப்பு ஆட்களை நொமாடிக் என்ற சின்னக் கப்பல் கொண்டுபோய்ச் சேர்த்தது, மூன்றாம் வகுப்புக்காரர்களையும் தபால் மூட்டைகளையும் டிராஃபிக் என்ற இன்னொன்று சுமந்தது. குயின்ஸ்டவுனில் அமெரிக்கா, அயர்லாந்து என்று இரண்டு துடுப்புச் சக்கரக் கப்பல்கள். இந்த இரண்டும் 1891இல் கட்டியவை, அதாவது விக்டோரியா ராணி உயிரோடு இருந்த காலத்துச் சரக்கு. டைட்டானிக் வருவதற்கு முன்பே இருபது வருஷமாக அதே துறையில் அதே வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தவை. இப்படிப்பட்ட கப்பலுக்கு டெண்டர் என்று பெயர். உங்கள் இரண்டு பக்கத்தில் அந்தப் பெயர் ஒரு வரியில்கூட இல்லை என்பதுதான் என்னை உட்கார்ந்து எழுத வைத்தது.

எனக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்பீர்கள். என் அப்பா பினாங்குத் துறைமுகத்தில் லாஞ்சு என்கிற ஒரு சின்ன நீராவிப் படகில் பயர்மேன், அதாவது பாய்லருக்குக் கரி அள்ளிப் போடுகிறவர். ஜப்பான்காரன் வருவதற்கு முன்பும் அதே வேலை, போன பிறகும் அதே வேலை, கரி போய் டீசல் வந்ததும் எஞ்சினுக்கு எண்ணெய் போடுகிற கிரீசராக மாற்றினார்கள். நான் படகு ரிப்பேர் பட்டறையில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். பெரிய கப்பல்களைத் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறேன், சின்னக் கப்பல்களின் வயிற்றுக்குள் படுத்து எழுந்திருக்கிறேன். அதனால் எந்தப் பழைய கப்பல் கதையைப் படித்தாலும் எனக்கு முதலில் வருகிற கேள்வி இதுதான்: சரி, கரையிலிருந்து கப்பலுக்கு எப்படிப் போனார்கள்?

அந்தக் காலத்தில் கப்பல்கள் ஏன் வெளியிலேயே நின்றன என்பதற்குக் காரணம் பல. ஆழம் ஒன்று. லிவர்பூலை எடுத்துக்கொள்ளுங்கள். மெர்சி ஆற்றில் பெரிய ஓதத்தின்போது நீர் சுமார் 30 அடி வரை ஏறி இறங்கும், நம்ம பினாங்குக் கால்வாயில் அதில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. ஆற்று வாயில் மணல் திட்டு வேறு. நீர் வற்றி இருந்தால் நியூயார்க்கிலிருந்து வந்த கப்பல் திட்டுக்கு வெளியிலேயே நின்று காத்திருக்க வேண்டும். 1890இல்தான் அந்தத் திட்டைத் தோண்ட ஆரம்பித்தார்கள். அதுவரைக்கும், அதற்குப் பிறகும் கொஞ்ச காலம், டெண்டர் ஓடிப்போய் ஆளையும் தபாலையும் இறக்கிக்கொண்டு வரும். இரண்டாவது காரணம் நேரம். கப்பலைத் துறைக்குள் கொண்டுவந்து, கட்டி, மறுபடி அவிழ்த்து வெளியே கொண்டுபோவது என்றால் பல மணி நேரம் போய்விடும், அதற்குத் துறைமுகக் கட்டணம் தனி. இருநூறு பேருக்காக ஒரு பெரிய லைனரை உள்ளே இழுப்பதைவிட, இருநூறு பேரையும் ஒரு சின்னக் கப்பலில் ஏற்றி வெளியே அனுப்புவது லாபம். கம்பெனிக்காரன் கணக்கு எப்போதும் கணக்குதான்.

லிவர்பூலில் குனார்ட் கம்பெனிக்கு ஸ்கெர்மிஷர் என்று ஒரு டெண்டர் இருந்தது. 1884இல் கிளைட்பேங்கில் கட்டினார்கள். அறுநூறு டன் சொச்சம், தண்ணீருக்குள் சுழன்று கப்பலைத் தள்ளும் இரட்டை விசிறி. இரட்டை விசிறி இருந்தால் ஒன்றை முன்னேயும் மற்றதைப் பின்னேயும் ஓட்டி நின்ற இடத்திலேயே திரும்பலாம், பெரிய கப்பலின் விலாவோடு ஒட்டி நிற்கிற வேலைக்கு அது ரொம்ப அவசியம். இந்த ஸ்கெர்மிஷர் எப்போது உடைக்கப்பட்டது தெரியுமா? 1947இல். 63 வருஷம்! இந்த 63 வருஷத்தில் அது பார்த்த லைனர்கள் எத்தனை வந்து எத்தனை போயின. லூசிதானியா 1907இல் வந்து 1915இல் குண்டடிபட்டு மூழ்கியது. அதே 1907இல் வந்த மௌரிதானியாவை 1930களில் உடைத்தார்கள். குயின் மேரியே இதற்கு அரை நூற்றாண்டு இளையது. அத்தனைக்கும் ஈடுகொடுத்துவிட்டு இரண்டாம் உலகப் போரும் முடிந்த பிறகுதான் ஸ்கெர்மிஷர் ஓய்ந்தது. லூசிதானியாவைப் பற்றிப் புத்தகம் புத்தகமாக வருகிறது. ஸ்கெர்மிஷருக்கு ஒரு பத்தி கிடைத்தாலே அபூர்வம்.

டைட்டானிக்கை ஓட்டிய வெள்ளை நட்சத்திரக் (ஒயிட் ஸ்டார்) கம்பெனிக்கும் லிவர்பூலில் மேக்னெடிக் என்று ஒன்று இருந்தது, 1891இல் பெல்ஃபாஸ்டில் ஹார்லண்ட் அண்ட் வோல்ஃப் கட்டியது, டைட்டானிக்கைக் கட்டிய அதே பட்டறை. மேக்னெடிக்கின் வயிற்றில் தண்ணீர்த் தொட்டி உண்டு, ஆளை ஏற்றாத நேரத்தில் லைனருக்கு நல்ல தண்ணீர் கொண்டுபோய் ஊற்றும். கோடைக்காலத்தில் லிவர்பூல்காரர்களை ஏற்றிக்கொண்டு உல்லாசப் பயணம் போகும். டெண்டர் என்றால் இப்படித்தான், எந்த வேலை வந்தாலும் மாட்டேன் என்று சொல்ல முடியாத கப்பல். இன்றைக்கு மந்திரிக்கும் கோடீஸ்வரருக்கும் மெத்தை போட்ட சலூன், நாளைக்கு தபால் மூட்டை, மறுநாள் தண்ணீர், இடையில் மாட்டிக்கொண்ட ஒரு பாய்க்கப்பலை இழுத்துவிடுவது.

கீழே பாய்லர் அறையில் என்ன நடந்திருக்கும் என்பதை அப்பா சொல்லியும், நானே பார்த்தும் கொஞ்சம் சொல்ல முடியும், ஏனென்றால் லிவர்பூலானாலும் பினாங்கானாலும் கரி கரிதான். பெரிய லைனரில் வேலை செய்கிற பயர்மேன் நாலு மணி நேரம் உயிரைக் கொடுத்துக் கரி அள்ளிப் போடுவான், ஆனால் நெருப்பு ஒரே சீராக எரியும், கப்பல் ஒரே வேகத்தில் ஐந்தாறு நாள் ஓடும். டெண்டரில் அப்படி இல்லை. கப்பல் எப்போது வரும் என்று நிச்சயமில்லை. மூடுபனி என்றால் அரை நாள் தாமதம், எதிர்க்காற்று என்றால் ராத்திரி இரண்டு மணிக்கு வரும். அதுவரைக்கும் பாய்லரை அணைக்கவும் கூடாது, அணைத்தால் மறுபடி நீராவி ஏற்ற மணிக்கணக்கில் ஆகும், முழுசாக எரியவிடவும் கூடாது, கரி வீணாகும். எனவே நெருப்பைப் பின்னால் தள்ளி, ஈரக் கரித்தூளைப் போட்டு மூடி, காற்றுக் கதவைச் சாத்தி வைப்பார்கள், நம்ம பாட்டிமார் ராத்திரி அடுப்புத் தணலைச் சாம்பலால் மூடி வைப்பார்களே அந்த மாதிரி. கப்பல் தெரிகிறது என்று மேலேயிருந்து குரல் வந்ததும் நீளக் கம்பியை விட்டு அந்தக் கட்டியை உடைத்து, தணலைப் பரப்பி, மேலே மெல்லிசாகக் கரியைத் தூவ வேண்டும். மொத்தமாகக் கொட்டினால் நெருப்பு அமுங்கிக் கறுப்புப் புகைதான் வரும், மேலே நிற்கிற துரைசானி அம்மாள்களின் வெள்ளைக் கவுனெல்லாம் கரி படிந்து கப்டன் கீழே இறங்கிவந்து கத்துவான். அப்புறம் இருபது நிமிஷம் முழு வேகம், உடனே நிறுத்து, ஒரு மணி நேரம் லைனரின் பக்கத்தில் சும்மா நில், மறுபடி முழு வேகம். நிறுத்தியவுடன் நீராவி மிஞ்சிப்போய் வால்வு திறந்து வீல் என்று அலறும், பயணிகள் பயந்துபோவார்கள், அதற்கும் திட்டு பயர்மேனுக்குத்தான்.

எங்கள் அப்பாவின் இரண்டு முன்கையிலும் ரோமம் இருக்காது. உலைக் கதவைத் திறந்து திறந்து பொசுங்கிப் போனது, கடைசி வரைக்கும் வளரவில்லை. அவர் லாஞ்சில் செராங், அதாவது படகுத் தலைவர், ஒரு மலாய்க்காரர், நல்ல மனுஷர், மேலேயிருந்து குனிந்து 'அப்பி, அப்பி' என்று கத்துவாராம், நெருப்பு போதவில்லை என்று. அப்பாவுக்கு மதியச் சாப்பாடு பாய்லர் தலையிலேயே சூடாக இருக்கும், கோப்பி ஓ என்கிற கடுங்காப்பி பால் டின்னில் கயிறு கட்டி மேலேயிருந்து இறங்கி வரும். குடித்துவிட்டு டின்னைத் தட்டினால் மேலே இழுத்துக்கொள்வார்கள். ஜெட்டிக்கு வரும்போதுகூட மேலே ஏறிப் பார்க்க நேரம் இருக்காது, யார் ஏறினார்கள் யார் இறங்கினார்கள் என்று ஒன்றும் தெரியாது என்பார். பெரிய துரைமார் ஏறின கதையெல்லாம் மேலே இருந்த கலாசிகள் சொல்லித்தான் அவருக்குத் தெரியும்.

கஷ்டமான வேலை ஒட்டி நிற்பதுதான். லைனர் ஒரு கட்டடம் மாதிரி அசையாமல் நிற்கும், டெண்டர் அலையில் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு ஏறுபலகை. லைனரின் விலாவில் ஒரு கதவு திறப்பார்கள், அந்தக் கதவு வாசலுக்கும் டெண்டரின் மேல்தளத்துக்கும் பலகை போட்டால், டெண்டர் அலையில் எழும்போது பலகை ஒரு சாய்வு, தாழும்போது வேறு சாய்வு. இரண்டு பக்கமும் ஆள் நின்று பலகையைப் பிடிக்க வேண்டும், குழந்தையை வாங்கிக் கைமாற்ற வேண்டும், கிழவிக்குக் கைலாகு கொடுக்க வேண்டும், பெட்டியைத் தூக்க வேண்டும். நடுவில் விழுந்தால் இரண்டு இரும்புக்கு நடுவே நசுங்கிச் சாவுதான். அதற்காகத்தான் டெண்டரின் விலா முழுக்கக் கயிற்றைப் பின்னித் தடிமனாகத் தொங்கவிட்டிருப்பார்கள். பழைய படங்களில் அந்தக் கயிற்று மூட்டைகள் நன்றாகத் தெரியும், யாரும் கவனிப்பதில்லை.

குயின்ஸ்டவுன் கதை தனிச் சுவாரசியம். அங்கே முக்கியம் ஆளைவிடத் தபால். கப்பல் சனிக்கிழமை லிவர்பூலில் கிளம்பிவிடும். லண்டன்காரன் சனிக்கிழமை சாயங்காலம் போட்ட கடிதம் ரயிலில் ஹோலிஹெட் போய், அங்கிருந்து கப்பலில் ஐரிஷ் கடலைத் தாண்டி, மறுபடி ரயிலேறி அயர்லாந்தின் தெற்கு முனைக்கு ஞாயிற்றுக்கிழமை வந்து, குயின்ஸ்டவுனில் அந்தக் கப்பலையே பிடித்துவிடும். கடைசிக் கண்ணி டெண்டர். மூட்டைகளை வரிசையாக நின்று எண்ணி ஏற்றி, லைனரிடம் எண்ணிக் கொடுத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு வர வேண்டும்.

டைட்டானிக் அங்கே நின்றது ரோச்சஸ் முனைக்கு வெளியே, கரையிலிருந்து இரண்டு மைல் தள்ளி, காலை பதினொன்றரை முதல் மதியம் ஒன்றரை வரை, இரண்டே மணி நேரம். ஏறியவர்களில் பெரும்பாலானவர்கள் மூன்றாம் வகுப்பு, ஊரை விட்டுப் பிழைக்கப் போகிற சனம். அமெரிக்கா என்ற அந்த டெண்டரில் யூஜின் டேலி என்ற இளைஞர் ஐரிஷ் பைப் வாசித்துக்கொண்டு போனார் என்பது பதிவில் இருக்கிறது. அவர் பிழைத்துக்கொண்டார், கூட ஏறினவர்களில் பலர் பிழைக்கவில்லை. இறங்கியவர்கள் ஏழு பேர். அதில் ஒருவர் பாதிரியார் பிரான்சிஸ் பிரவுன். அவர் கேமராவோடு டெண்டரில் திரும்பி வந்ததால்தான் அந்தக் கப்பலின் உள்ளே எடுத்த படங்கள் இன்றைக்கு நமக்குக் கிடைக்கின்றன, உங்கள் ஞாயிறு மலர் உட்பட. எட்டாவதாக ஒருவரும் இறங்கினார், கணக்கில் வராமல். ஜான் கோஃபி என்ற கரி அள்ளும் தொழிலாளி, குயின்ஸ்டவுன்காரர், திரும்பி வரும் டெண்டரில் தபால் மூட்டைகளுக்கு நடுவே பதுங்கிக் கரைக்கு வந்து சேர்ந்தார். கோடீஸ்வரர்களின் கதையை விட்டு இந்த ஆள் கதையை யாராவது முழுசாக எழுதினால் நான் முதல் ஆளாக வாங்கிப் படிப்பேன்.

மூன்று வருஷம் கழித்து 1915 மே 7ஆம் தேதி லூசிதானியா அந்தப் பக்கத்துக் கடலிலேயே மூழ்கியபோது, தப்பியவர்களைக் கொண்டுவந்து சேர்த்த கப்பல்களில் ஃபிளையிங் ஃபிஷ் என்ற குயின்ஸ்டவுன் டெண்டரும் ஒன்று. அதுவும் துடுப்புச் சக்கரம், அதுவும் ராணி காலத்துப் பழசு. போர்க்கப்பல் வரும்வரை காத்திருக்கவில்லை.

இங்கிலாந்தின் பிளிமத்திலும் இதே தொழில், அங்கே ரயில் கம்பெனியே டெண்டர் வைத்திருந்தது. அமெரிக்காவிலிருந்து வருகிற கப்பல் பிளிமத்தில் தபாலை இறக்கிவிட்டால், அது மேலே போய்த் துறையடைவதற்கு முன்பே தபால் ரயிலில் லண்டன் போய்விடும். 1904 மே 9ஆம் தேதி க்ரோன்பிரின்ஸ் வில்ஹெம் என்ற ஜெர்மன் கப்பலிலிருந்து டெண்டர் இறக்கி வந்த தபாலை ஏற்றிக்கொண்டு ஓடியபோதுதான் சிட்டி ஆஃப் ட்ரூரோ என்ற நீராவி எஞ்சின் மணிக்கு 100 மைலைத் தாண்டியது என்று சொல்கிறார்கள். தாண்டியதா இல்லையா என்று ரயில் பைத்தியங்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள், அது இருக்கட்டும். அந்த எஞ்சினை அருங்காட்சியகப் பொருளாகப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். அந்தத் தபாலைக் கடலில் போய் வாங்கிவந்த டெண்டரை யாரும் பாதுகாக்கவில்லை.

மிஞ்சியிருப்பது நொமாடிக். 1911இல் கட்டியது, ஆகையால் ராணி காலத்தது என்று சொல்ல முடியாது, ஆனால் செய்த வேலை அதே வேலை. 220 அடி நீளம், ஆயிரம் பேர் ஏறலாம். 1940இல் ஜெர்மன்காரன் ஷேர்பூர்க்கைப் பிடித்தபோது ஆட்களை வெளியேற்ற உதவியது, போருக்குப் பிறகு குயின் மேரி, குயின் எலிசபெத் வரைக்கும் ஆள் ஏற்றி 1968இல்தான் ஓய்ந்தது. அப்புறம் பாரிஸில் சேன் ஆற்றில் உணவகமாக இருந்து, அதுவும் மூடி, உடைக்கப்போகிற நிலையில் 2006 ஜனவரியில் வட அயர்லாந்து அரசாங்கம் 2,50,001 யூரோவுக்கு ஏலத்தில் எடுத்துப் பெல்ஃபாஸ்டுக்கே கொண்டுபோனது. அந்தக் கடைசி ஒரு யூரோவில் எனக்கு ஒரு தனிச் சந்தோஷம். என்ன இருந்தாலும் டைட்டானிக் என்ற பெயர் ஒட்டியிருந்ததால்தான் அது தப்பியது. இல்லாவிட்டால் பழைய இரும்பு விலைக்குத்தான் போயிருக்கும்.

சரி, இதெல்லாம் வெள்ளைக்காரன் ஊர்க் கதை, நமக்கென்ன என்று சிலர் சொல்லலாம். நமக்கு நிறையவே இருக்கிறது.

நம்ம ஆட்கள் வந்த வழியை யோசித்துப் பாருங்கள். நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது, கடலில் தூரத்தில் நிற்கும். சாமான் சட்டியோடு படகில் ஏறி அலையைத் தாண்டிப் போய், ஆடுகிற படகிலிருந்து கப்பல் ஏணியைப் பிடிக்க வேண்டும். சென்னையிலும் துறைமுகச் சுவர் கட்டுவதற்கு முன்னால் மசூலாப் படகுதான் கதி, ஆணியே அடிக்காமல் பலகையைத் தென்னங்கயிற்றால் தைத்த படகு, ஆணி அடித்திருந்தால் அந்த அலைக்கு உடைந்துவிடும். இந்தப் பக்கம் பினாங்கில், 1904 வாக்கில் சுவெட்டன்ஹாம் துறை வருவதற்கு முன்பு எந்தப் பெரிய கப்பலும் கரையைத் தொட்டதில்லை. தீவுக்கும் எதிர்க்கரையில் இருக்கிற பிறைக்கும் நடுவே கால்வாயில் நங்கூரம் போடும். துரைமாருக்கு லாஞ்சு வரும், மற்றவர்களுக்கு சம்பான் என்கிற சின்னத் துடுப்புப் படகு, தொங்கான் என்கிற சரக்குப் படகு. டெக் பயணிகளாக வந்த தோட்டத்து ஆட்களைக் கப்பலிலிருந்து நேராகத் தொங்கானில் இறக்கி ஜெரஜாக் தீவுக்குக் கொண்டுபோய்விடுவார்கள், நோய் நொடி இருக்கிறதா என்று பார்க்கிற தனிமைப்படுத்தும் முகாம் அங்கேதான் இருந்தது. பினாங்குக்கு வந்தும் பினாங்கில் கால் வைக்காதவர்கள் அவர்கள். முதல், மூன்றாம் வகுப்புக்குத் தனித்தனி டெண்டர் என்ற ஷேர்பூர்க் ஏற்பாட்டைப் படித்தபோது எனக்கு உடனே ஞாபகம் வந்தது இதுதான்.

அந்தத் தொங்கானையும் லாஞ்சையும் ஓட்டியது யார்? 19ஆம் நூற்றாண்டில் இந்தத் துறைமுகத்துப் படகுத் தொழிலில் சூலியர் கைதான் ஓங்கியிருந்தது, சோழமண்டலக் கரையிலிருந்து வந்த நம்ம தமிழ் முஸ்லிம்கள். பிறகு சீனர்கள், மலாய்க்காரர்கள், தெலுங்குக்காரர்கள், நம்மவர்கள் என்று எல்லாரும் கலந்த தொழில். வெல்ட் கீ என்கிற கடற்கரைச் சாலை ஓரமாகத் தொங்கான்கள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்குமாம், ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவியே கரைக்கு வந்துவிடலாமாம். 1914 அக்டோபர் 28 விடியற்காலையில், அதற்கு முந்தின மாதம் சென்னைக்குக் குண்டு போட்ட அதே ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன், பொய்ப் புகைப்போக்கி வைத்துக்கொண்டு பினாங்குத் துறைக்குள் நுழைந்து செம்சுக் என்ற ரஷ்யக் கப்பலைச் சில நிமிஷங்களில் மூழ்கடித்தபோது, தண்ணீரில் தத்தளித்தவர்களை அள்ளி எடுத்தவையும் துறைமுகத்துச் சிறு படகுகள்தான். ஜெரஜாக்கிலும் வெஸ்டர்ன் ரோட்டிலும் ரஷ்ய மாலுமிகளுக்கு நினைவுக்கல் இருக்கிறது. படகுக்காரர்களுக்கு எதுவும் இருப்பதாக நான் பார்த்ததில்லை.

இன்னொன்று. டவுனில் மணிக்கூண்டு வைத்த சுங்கத்துறைக் கட்டடத்தைத் தினமும் ஆயிரம் பேர் படம் பிடிக்கிறார்கள். 1907இல் ரயில்வேக்காகக் கட்டியது அது, தண்டவாளமே இல்லாத ரயில் நிலையம். அங்கே டிக்கெட் எடுத்து, ஜெட்டியில் படகேறிப் பிறைக்குப் போய்த்தான் ரயிலைப் பிடிக்க வேண்டும். அந்த ரயில்வே படகும் ஒரு டெண்டர்தானே? பிளிமத்தில் கப்பலிலிருந்து ரயிலுக்கு, இங்கே தீவிலிருந்து ரயிலுக்கு. கட்டடத்தைப் பற்றிச் சுற்றுலா வழிகாட்டிகள் மணிக்கணக்கில் பேசுகிறார்கள். படகைப் பற்றிக் கேட்டால் 'ஃபெர்ரி' என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள்.

1960களின் இறுதியில் பட்டர்வொர்த் பக்கம் ஆழ்நீர்த் துறை வந்தது, பிறகு கொள்கலன் வந்தது, தொங்கான் தொழில் தேய்ந்து போனது. இப்போது சுவெட்டன்ஹாம் துறையில் வந்து நிற்கிற உல்லாசக் கப்பல்களுக்குப் படகே வேண்டாம், கரை கட்டியே நிற்கின்றன. துறை இல்லாத ஊரில் தங்கள் உயிர்காக்கும் படகுகளையே இறக்கி ஆளைக் கரைக்கு அனுப்பிக்கொள்கின்றன. ஆக, தொழில் முடிந்தது. அதில் எனக்கு வருத்தமில்லை, அந்தப் பாய்லர் அறையில் என் பேரப்பிள்ளை நிற்க வேண்டும் என்று நான் ஆசைப்படவில்லை.

என் கேள்வி வேறு. ரஜூலாவைப் பற்றி நம் பத்திரிகைகளில் வருகிற கட்டுரை ஒவ்வொன்றிலும் 1926இல் கட்டியது, ஐயாயிரம் பேர் ஏறலாம், 1973 வரை ஓடியது என்று அதே விவரம் திரும்பத் திரும்ப வருகிறது. வாசகர்களும் தாத்தா எப்படிக் கப்பலில் வாந்தி எடுத்தார், என்ன சோறு போட்டார்கள் என்று எழுதுகிறார்கள், நல்ல விஷயம். அந்தத் தாத்தாவைக் கப்பலிலிருந்து கைபிடித்து இறக்கின ஆளும் பெரும்பாலும் நம்ம ஊர்க்காரன்தானே, அவன் பிள்ளைகள் இங்கேதானே இருக்கிறார்கள், அவர்களிடம் ஏன் யாரும் போய்க் கேட்பதில்லை? லைனர் கம்பெனிகளின் பேரேடு எல்லாம் லண்டனில் பத்திரமாக இருக்கும். தொங்கான்காரனுக்குப் பேரேடு ஏது? அவன் வாய்தான் பேரேடு, அதுவும் இப்போது எண்பது, எண்பத்தைந்து வயது வாய்.

எனவே இரண்டு வேண்டுகோள். முதலாவது, அடுத்த ஞாயிறு மலரில் அந்த ஷேர்பூர்க், குயின்ஸ்டவுன் வரியைத் திருத்திப் போடுங்கள், சின்ன எழுத்தில் போட்டாலும் பரவாயில்லை. இரண்டாவது, ஒரு நிருபரை அனுப்புங்கள். பாகான் லுவாரிலும் பட்டர்வொர்த்திலும் லாஞ்சிலும் தொங்கானிலும் வேலை பார்த்த பெரியவர்கள் மூன்று நான்கு பேரை எனக்கே தெரியும், டவுனில் பழைய தமிழ் முஸ்லிம் குடும்பங்களிலும் விசாரித்தால் கிடைப்பார்கள். ஒருவருக்குக் காது சரியாகக் கேட்காது, கொஞ்சம் சத்தமாகக் கேட்க வேண்டும், ஆனால் நினைவு கெட்டி. எந்த லாஞ்சுக்கு எந்தப் பாய்லர் என்பது வரை சொல்வார். வீட்டில் பழைய வேலை அட்டை, படம் வைத்திருப்பவர்களையும் பத்திரிகைக்கு அனுப்பச் சொல்லி ஓர் அறிவிப்புப் போடலாம். வருகிறவர் இளைஞராக இருந்தால் நல்லது, சிலருடைய வீடு மூன்றாவது மாடி, மின்தூக்கி அடிக்கடி வேலை செய்யாது. நானே கூட வந்து அறிமுகம் செய்துவைக்கிறேன். செவ்வாய்க்கிழமை மட்டும் வேண்டாம், அன்றைக்கு எனக்கு ஆஸ்பத்திரி.

இப்படிக்கு,
நீண்ட நாள் வாசகன்,
பட்டர்வொர்த்.